முயல் கூண்டில் மரத்தூள் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், செல்லப்பிராணி வளர்ப்புக் குறிப்புகளுக்கு நடுவே, முயல் கூண்டில் மரத்தூளைக் கெட்டியாகப் பரப்பிவிட்டால் நாற்றம் வராது, மரப்பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள் என்று இரண்டு வரி வந்திருந்தது. அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தூளால் ஒரு முயல் என்ன பாடுபட்டது என்பதை வீட்டிலேயே பார்த்தவள் நான், அதனால் சுருக்கமாக எழுத மனம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் முழு ஆண்டு விடுமுறையில், பையனின் தொல்லை தாங்காமல் ஒரு கடையில் முயல்குட்டி வாங்கினோம். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி முடி. "அக்கா, இது டுவார்ஃப் அங்கோரா, இதுக்கு மேல வளராது, கடைசி வரைக்கும் கைக்குள்ளயே நிக்கும்" என்றார் கடைக்காரர். டுவார்ஃப் என்றால் குட்டை இனம், அங்கோரா என்றால் நீளக் கம்பளி முடி இனம். கம்பித் தரை போட்ட ஒரு சின்னக் கூண்டையும் அவரே சேர்த்துக் கொடுத்தார். பஞ்சு என்று பெயர் வைத்தோம். எங்கள் பக்கத்துத் தெருவில் கதவு, கட்டில், அலமாரி செய்கிற பட்டறை இருக்கிறது, அங்கிருந்து ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து கூண்டு முழுக்க நாலு விரல் உயரத்துக்குக் கொட்டினேன். நீங்கள் எழுதியது உண்மைதான், முதல் வாரம் நாற்றமே இல்லை. அப்புறம் தும்மல் ஆரம்பித்தது. தூசிக்குத் தும்முகிறது, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். சில மாதம் போனதும் மூக்கில் நீர், முன்னங்கால்களின் உள்பக்கத்து முடி எப்போதும் ஈரமாகத் திரிதிரியாக ஒட்டிக்கிடந்தது. நக்கிக்கொள்கிறது போலிருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

கால்நடை மருத்துவர் மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த முன்னங்காலைத்தான் பிடித்துப் பார்த்தார். "மூக்கைத் துடைச்சுத் துடைச்சுத்தாம்மா கை இப்படி ஆயிருக்கு" என்றார். பிறகு மெதுவாகப் புரட்டிப் பின்னங்கால் குதிகாலைக் காட்டினார், இரண்டு பக்கமும் முடி போய், தோல் சிவந்து, காசு அளவுக்குப் புண். எடை போட்டால் 3 கிலோ 400 கிராம். அப்போது அதற்கு எட்டு மாதம்தான். இது டுவார்ஃபும் இல்லை, அங்கோராவும் இல்லை, இறைச்சிக்காகப் பண்ணையில் வளர்க்கும் இனங்களின் கலப்பு என்று சொன்னார். அடுத்து அவர் கேட்ட கேள்வி, "கீழ என்னம்மா போடுறீங்க?"

என் பேச்சு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முயல் எந்த இனம் என்று தெரியாமல் வாங்கினோம், கீழே என்ன போடுகிறோம் என்று தெரியாமல் போட்டோம். இரண்டும் தனித்தனித் தவறு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறவை. ஒரு கிலோ முயலுக்குத் தாங்கும் தரை நாலு கிலோ முயலுக்குத் தாங்காது, வெல்வெட் முடிக்காரனுக்கும் நீளமுடிக்காரனுக்கும் ஒரே படுக்கை ஆகாது.

முதலில் மரத்தூள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி, மூக்கடைத்தால் நம்மைப் போல வாயைத் திறந்து சமாளித்துக்கொள்ளாது. அதன் மூக்கு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கிறது. ரம்பத்தூள் மாதிரி நைசான தூளில் நாள் முழுக்க அதை உட்கார வைத்தால் ஒவ்வொரு மூச்சிலும் தூசிதான் உள்ளே போகும். அதிலும் பட்டறைத் தூள் என்றால் வெறும் மரம் மட்டும் கிடையாது, பிளைவுட் அறுத்த தூளும் எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகை அறுத்த தூளும் அதில் கலந்திருக்கும், அந்தப் பலகைகளை ஒட்டுகிற பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. கரையான் மருந்து அடித்த மரம், பழைய வார்னிஷைச் சுரண்டிய தூள், எல்லாம் ஒரே மூட்டையில் போய்ச் சேரும். பட்டறைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் முயலுக்காகவா பெருக்கி வைத்தார்?

சரி, தூள் வேண்டாம், இழைப்புளியில் சீவின சுருள் போடலாமே என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். சுருளில் தூசி குறைவு, அது உண்மை. ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். பெட்டி அடிக்கிற பைன் மரமும் தேவதாரு வகை மரங்களும் நல்ல வாசனையாக இருக்கும், அந்த வாசனைதான் சிக்கல். அதிலிருந்து ஆவியாகிற பொருள்களை உடம்பிலிருந்து அகற்றக் கல்லீரல் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். 1967-லேயே எலியட் வெசல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதிவிட்டார். செவ்வகில் (ரெட் சீடர்), பைன் ஆகிய மென்மரச் சீவலில் வளர்த்த எலிகளின் கல்லீரல் நொதிகள் தூண்டப்பட்டு மருந்தைச் சீக்கிரம் அகற்றிவிட்டன, அதனால் அவற்றுக்கு மயக்க மருந்து கொடுத்தால் தூங்கும் நேரம் குறைந்துபோனது, வன்மரச் சீவலில் வளர்ந்த எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. அது எலியில் செய்த சோதனைதான், ஆனால் முயல் வளர்க்கிறவர்களும் அதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கருத்தடை அறுவைக்கு முயலையும் மயக்க மருந்து கொடுத்துத்தான் படுக்கவைக்கிறார்கள். சூளையில் உலர்த்திய பைனில் இந்தத் தொல்லை குறைவு. நம் ஊர் மர அறுவை மில்லில் கிடைப்பது சூளையில் உலர்ந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் விட்டுவிட்டேன்.

நாற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரத்தூளை உயரமாகக் கொட்டினால் நாற்றம் நமக்கு வராது, ஆனால் சிறுநீர் அடியில் ஊறிக்கிடந்து அமோனியா ஆகிறது, நம் மூக்கு உணர்வதற்கு ரொம்ப முன்னாலேயே முயலின் மூக்குக்கு அது போய்விடும். அமோனியா மூக்கின் உட்சவ்வை அரித்த பிறகு கிருமி தொற்றுவது சுலபம். பஞ்சுவுக்கு நடந்தது அதுதான் என்று மருத்துவர் சொன்னார். உண்மையில் கூண்டு முழுக்க எதையும் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். இரண்டு மூன்று நாள் கவனித்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும், அந்த மூலையில் ஒரு தட்டு வைத்து, ஈரம் உறிஞ்சும் பொருளை அதில் மட்டும் போட்டுத் தினமும் மாற்றினால் போதும், மிச்ச இடம் காய்ந்தே இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்றால், கம்பித் தரையை எடுத்துவிட்டோம். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தென்ற சதை கிடையாது, வெறும் முடிதான், அதனால் கம்பியும் ஈரமும் சேர்ந்தால் குதிகால் புண்ணாகிவிடும். பண்ணைகளில் கம்பித் தரை போடுவது புழுக்கை கீழே விழுந்து சுத்தமாக இருக்கட்டும் என்பதற்காக, அங்கே முயல் எத்தனை மாதம் உயிரோடு இருக்கப்போகிறது என்பதும் நமக்குத் தெரியும். வீட்டில் எட்டு, பத்து வருடம் வாழப்போகிற முயலுக்கு அதே கூண்டு எப்படிச் சரியாகும்? பஞ்சுவுக்குச் சாயம் போடாத கோரைப்பாய் இரண்டு துண்டு, அதன்மேல் காய்ந்த வைக்கோல். பாயைக் கடிக்கத்தான் செய்கிறது, கடித்தால் பரவாயில்லை, கோரையும் புல் மாதிரிதானே. நைலான் இழை கோத்த பிளாஸ்டிக் பாயும் உரச் சாக்கும் கூடவே கூடாது. பழைய பருத்திச் சேலையும் கொஞ்ச நாள் போட்டோம், ஓரத்தை நூல் நூலாக இழுத்துத் தின்ன ஆரம்பித்ததும் எடுத்துவிட்டேன். முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போன நூல் அந்தப் பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

வைக்கோலிலும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் போரின் அடியிலிருந்து உருவின வைக்கோல் கறுத்துப் பூஞ்சை வாடை அடிக்கும், அதைத் தொடாதீர்கள். நல்ல மஞ்சளாக இருப்பதை உதறி, ஒரு வெயில் காயவைத்துப் போட வேண்டும். இன்னொன்று, வைக்கோல் படுப்பதற்கு, சாப்பாட்டுக்கு அது போதாது. தின்ன அருகம்புல், காயவைத்த கோ-4 என்ற தீவனப் புல், வேலிமசால், முயல்மசால் இதெல்லாம் தனியாகத் தொங்கவிட வேண்டும். முயல்மசால் என்று ஒரு தீவனப் பயிருக்கே பெயர் இருப்பது இந்த முயலை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திண்டுக்கல் பக்கத்தில் கடலைத் தோல் தாராளமாகக் கிடைக்கும், அதைப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். ஈரம் பட்ட கடலைத் தோலில் வரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும், அந்த நச்சுக்கு மிக எளிதில் பலியாகிற விலங்குகளில் முயலும் ஒன்று. தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் காய்ந்ததும் தூளாகப் பறந்ததால் எங்களுக்கு ஒத்துவரவில்லை. பூனைக்கு விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகிற களிமண் மணல் எல்லாவற்றையும்விட ஆபத்து, முயல் அதைத் தின்றால் குடலுக்குள்ளும் அதே மாதிரி கட்டியாகும்.

செய்தித்தாள் போடலாமா என்று கேட்டால், அடியில் போடலாம், மேலே வைக்கோலோ பாயோ மூடியிருக்க வேண்டும், பளபளப்பான வண்ண இணைப்புகள் வேண்டாம். அச்சு மை உடம்புக்கு ஆகாது என்றுதான் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2016-லேயே தின்பண்டங்களைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது, முயலோ தாளைக் கண்டால் மென்று தின்னும். உங்கள் நாளிதழை மூன்று வருடமாக நான் இப்படி அடியில் மட்டும்தான் விரிக்கிறேன். அப்புறம் வெள்ளைத் தாளின்மேல் முயலின் சிறுநீர் சில நாள் சுண்ணாம்பு கரைத்தது போலவும் சில நாள் செம்மண் நிறத்திலும் தெரியும், ரத்தம் என்று பதறி ஓட வேண்டாம். அதிகப்படியான கால்சியம் சிறுநீரில்தான் போகும், தின்ற இலையைப் பொறுத்தும் நிறம் மாறும். இரண்டு நாளைக்கு மேல் சிவப்பாகவே இருந்தாலோ முக்கிக்கொண்டு போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி இனத்தைப் பற்றி. மருத்துவர் சொன்ன பிறகு, எது எந்த இனம் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று குடும்பத்தோடு மன்னவனூர் போனோம். கொடைக்கானலைத் தாண்டி இருக்கிறது, மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே, ஆட்டோடு முயலும் வளர்க்கிறார்கள். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் இதுபோல முயல் உண்டு. வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற பெரிய இனங்கள் இரண்டையும் வளர்ந்த உருவத்தில் பார்த்ததும் என் பையன் சொன்னான், "அம்மா, பஞ்சுவோட அப்பா இங்கதான் இருக்கு." விளையாட்டாகச் சொன்னாலும், தமிழ்நாட்டுக் கடைகளில் செல்லமாக விற்கும் முயல்களில் நிறைய இந்தப் பண்ணை இனங்களின் வழி வந்தவைதான் என்பதை அங்கே நின்றபோது புரிந்துகொண்டேன்.

நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது, இதை முதலில் மனதில் வையுங்கள். வெள்ளை உடம்பு, சிவந்த கண் என்றால் நியூசிலாந்து வெள்ளையாகவும் இருக்கலாம், வெள்ளை ஜெயன்டாகவும் இருக்கலாம், எதுவோ எதுவோ கலந்ததாகவும் இருக்கலாம். (பெயர்தான் நியூசிலாந்து, அந்த வெள்ளை இனம் உருவானது அமெரிக்காவில்.) மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பாகவும் மற்றதெல்லாம் வெள்ளையாகவும் இருந்தால் கலிஃபோர்னியன் சாயல். உடம்பில் குளிர்ச்சியான இடங்களில்தான் அந்தக் கறுப்பு ஏறும், குட்டி பிறக்கும்போது வெள்ளையாகவே இருக்கும். சாம்பல் முயல் என்றால் முதுகு முடியில் மெல்ல ஊதிப் பாருங்கள், முடி விலகி வட்டமாகத் தெரியும்போது அடியில் கருநீலம், நடுவில் வெளிர்சாம்பல், நுனியில் கறுப்பு என்று வளையம் வளையமாக இருந்தால் சின்சில்லா வழி. ஒரே நிறமாகப் போனால் வேறு.

டுவார்ஃப் என்று சொல்லி விற்பதில்தான் பெரிய ஏமாற்று. நெதர்லாந்து டுவார்ஃப் முழுதாக வளர்ந்தாலே ஒரு கிலோ சுற்றித்தான், உருண்டைத் தலை, குட்டைக் காது. ஆனால் எந்த முயலின் மூன்று வாரக் குட்டிக்கும் உருண்டைத் தலையும் குட்டைக் காதும்தான் இருக்கும்! தாயிடமிருந்து அவ்வளவு சீக்கிரம் பிரித்துக் கொண்டுவந்து 'இதுதான் இதன் முழு அளவு' என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆறு வாரமாவது தாயிடம் இருக்க வேண்டிய குட்டி அது. நியூசிலாந்து வெள்ளையும் சோவியத் சின்சில்லாவும் நாலைந்து கிலோ வரை போகும், ஃபிளெமிஷ் ஜெயன்ட் ஆறு கிலோவையும் தாண்டும். அதேபோல, பஞ்சு முடி இருப்பதெல்லாம் அங்கோரா ஆகாது, குட்டி முடி எல்லாவற்றுக்கும் பஞ்சாகத்தான் இருக்கும். வளர்ந்தபின் உடம்பு முழுக்க விரல் நீளத்துக்குக் கம்பளி தொங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டியிருந்தால்தான் அங்கோரா, கழுத்தைச் சுற்றி மட்டும் பிடரி மாதிரி இருந்தால் அது லயன்ஹெட். காது தொங்கும் லாப் இனக் குட்டிக்கும் பிறந்தவுடன் காது தொங்காது, சில வாரம் போக வேண்டும். அதனால் முடிந்தால் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்துத் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

இதெல்லாம் பெயர் தெரிந்துகொள்ளும் ஆசைக்காகச் சொல்லவில்லை. ரெக்ஸ் என்று வெல்வெட் மாதிரி குட்டை முடி உள்ள இனம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பாதத்திலும் முடி அப்படித்தான், குதிகால் புண் மற்ற முயலைவிட எளிதாக வரும், அதற்குத் தரை எப்போதும் மெத்தென்று இருக்க வேண்டும். எடை கூடிய முயலுக்கும் அதே கதி. அங்கோராவுக்கு நேர் எதிர்த் தொல்லை, வைக்கோல் துரும்பும் மரச்சீவலும் கம்பளியில் சிக்கிச் சடையாகும், அதற்கு வைக்கோலைவிட விரித்த பாய்தான் தோது. குட்டி போடுகிற நேரத்தில் தாய் முயல் தன் வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், அதை அசிங்கம் என்று கூட்டித் தள்ளிவிடாதீர்கள், கண் திறக்காமல் முடியில்லாமல் பிறக்கும் குட்டிகளுக்கு அதுதான் போர்வை. ஆனால் தாய் அங்கோரா என்றால் அந்த நீள முடி குட்டியின் கழுத்திலும் காலிலும் சுற்றி இறுக்கிவிடும், எடுத்துச் சின்னச் சின்னதாக வெட்டித் திரும்ப வைக்க வேண்டும். வெயிலுக்கும் அப்படித்தான், அங்கோரா மலைக் குளிருக்கு ஏற்றது, எங்கள் சமவெளியின் மே மாதத்தில் அதை வைத்திருப்பதே கொடுமை. சாதாரண முயலுக்கே முப்பது டிகிரிக்கு மேல் தாங்குவது கஷ்டம், அந்த மாதத்தில் ஒரு துண்டு கடப்பாக் கல்லைக் கூண்டின் ஒரு பக்கம் போட்டுவைக்கிறோம், பஞ்சு மத்தியானம் முழுக்க அதன்மேல்தான் வயிற்றைப் பரப்பிப் படுத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'நாட்டு முயல்' என்று பழுப்பு நிறக் குட்டிகளைக் கொண்டுவந்து விற்பவர்களும் உண்டு. அது நம் காட்டு முயல், வளர்ப்பு முயலின் இனமே வேறு. தமிழில் இரண்டுக்கும் முயல் என்ற ஒரே சொல்தான், அதனால் குழப்பம் வருகிறது. காட்டு முயலின் குட்டி பிறக்கும்போதே கண் திறந்து முடியோடு இருக்கும், வளை தோண்டாது, கூண்டில் வைத்தால் பயத்திலேயே செத்துப்போகவும் கூடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-இல் விதிகள் வந்துவிட்டன. பதிவு பெற்ற கடைகள் கொடுக்கும் ரசீதில் முயலின் வயதும், இனமும், கலப்பு என்றால் கலப்பு என்றும் எழுதித் தர வேண்டும் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும், உங்கள் நாளிதழ் இதை ஒரு செய்தியாக எழுதினால் அவர்கள் காதில் விழும். இன்னொன்று உங்களுக்கு. மரத்தூள் பற்றிய அந்த இரண்டு வரிக்கு அதே இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள், ஏப்ரல் முடிவதற்குள் போட்டால் நல்லது, முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும்தான் பிள்ளைகள் முயல் கேட்டு அடம்பிடிப்பார்கள். பஞ்சுவுக்குக் குதிகால் புண் ஆற நாலு மாதம் ஆனது. தும்மல் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
வத்தலக்குண்டு.